பாத்திரத்துக்குள் ஐந்து நிமிடம்

எண்ணெய்க் கிணற்றிலிருந்து வருவதை முதன்முறை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்த அன்று எனக்குப் பெரிய ஏமாற்றம். கச்சா எண்ணெய் என்றால் கறுப்பாக, பளபளவென்று, தேன் மாதிரி இழுபட்டு வரும் என்று நினைத்திருந்தேன். குப்பியில் இருந்ததோ கருப்பட்டியைக் கரைத்து விட்டது போன்ற நிறத்தில் ஒரு நுரைத்த குழம்பு. கையுறையைத் தாண்டியும் அதன் வெதுவெதுப்பு தெரிந்தது. மேலே நுரை பொங்குவதும் அடங்குவதுமாக இருந்தது.

பக்கத்தில் நின்றவர் கீழக்கரைக்காரர். எங்கள் நிலையத்தில் எல்லோருக்கும் அவர் பாய்தான். குப்பியை என்னிடமிருந்து வாங்கி, ஆய்வக மேஜையில் காற்றை உறிஞ்சும் விசிறிக்குக் கீழே வைத்தார்.

"ஆட்டாத தம்பி. அஞ்சு நிமிஷம் சும்மா பாரு."

பார்த்தேன். முதலில் நுரை செத்தது. பிறகு குப்பியின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர் தெரிந்தது. உச்சியில் நல்ல கறுப்பில் எண்ணெய். நடுவில் மட்டும் எதிலும் சேராத ஒரு பழுப்புப் பட்டை, பத்து நிமிடம் ஆகியும் அசையாமல் அப்படியே நின்றது. "இதான் நம்ம வேலை" என்றார் பாய். "மேல இருக்கிறதும் கீழ இருக்கிறதும் தானா பிரியும். நடுவுல இருக்கு பாரு, அதுக்குத்தான் நமக்குச் சம்பளம்."

அதற்குப் பிறகு 19 வருடம் வளைகுடாவின் பாலைவனத்தில், எண்ணெய் பிரிக்கும் நிலையங்களில் வேலை பார்த்துவிட்டேன். முதலில் வெளியே வால்வு திருப்பும் ஆளாக, பிறகு கட்டுப்பாட்டு அறையில் பேனல் முன்னால். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள்: பூமியில் ஓட்டை போட்டால் எண்ணெய் வருகிறது, கப்பலில் ஏற்றுகிறீர்கள், நடுவில் உனக்கு என்ன வேலை? இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். கேட்டவர்களுக்கு நான் பட்ட கடன் அது. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

பூமிக்கு அடியிலிருந்து எண்ணெய் மட்டும் வருவதில்லை. எண்ணெய், தண்ணீர், எரிவாயு, மணல், உப்பு எல்லாம் ஒன்றாக வரும். அதோடு எங்கள் பகுதி எண்ணெய் வயல்களில் எச்டூஎஸ் என்று நாங்கள் சொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவும் வரும். எண்ணெய் வயல் இளமையாக இருக்கும்போது எண்ணெய் அதிகம். வயதாக ஆகத் தண்ணீர் ஏறும். உலகம் முழுவதையும் சேர்த்தால் ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் மூன்று பீப்பாய் தண்ணீர் வெளியே வருகிறது என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எங்கள் பழைய கிணறுகள் சிலவற்றில் நூற்றுக்கு எண்பது தண்ணீர். அந்தத் தண்ணீரும் குடிக்கவோ பாய்ச்சவோ ஆகிற தண்ணீர் இல்லை. கடல்நீரைப் போல நாலைந்து மடங்கு உப்பு.

இவ்வளவும் அழுத்தத்தோடு மேலே வந்து முதலில் சந்திப்பது கிணற்றின் தலையில் நிற்கும் வால்வுக் கோபுரத்தை. தொழிலில் அதற்குக் கிறிஸ்துமஸ் ட்ரீ என்று பெயர். கிளை கிளையாக வால்வுகள் தொங்குவதால் வந்த பெயர். இதில் ஒரு ஏற்பாடு எனக்கு இன்றும் மனதுக்குப் பிடித்தது. பாதுகாப்பு வால்வுகளை மூடுவதற்கு எந்தச் சக்தியும் தேவையில்லை. திறந்து வைத்திருக்கத்தான் சக்தி தேவை. திரவ அழுத்தம் ஒன்று ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். குழாய் உடைந்தாலும், மின்சாரம் போனாலும், தீப்பிடித்தாலும் அந்த அழுத்தம் போய்விடும், ஸ்பிரிங் வால்வை அடைத்துவிடும். தீக்கென்றே ஒரு சின்ன உலோக அடைப்பான் கோபுரத்தைச் சுற்றிப் பொருத்தியிருப்பார்கள். சூட்டில் அது உருகும். உருகினால் அழுத்தம் இறங்கும். யாரும் ஓடிப்போய் எதையும் திருப்ப வேண்டியதில்லை. தரைக்கு அடியிலும் கிணற்றுக் குழாய்க்குள் இதே முறையில் இன்னொரு வால்வு உண்டு. மேலே உள்ள கோபுரமே பிய்த்துக்கொண்டு போனாலும் அது அடைத்துக்கொள்ளும்.

அடுத்து சோக். நடுவில் துளையுள்ள ஒரு கடினமான உலோகத் துண்டு, அவ்வளவுதான். துளையின் அளவை அங்குலத்தின் 64இல் ஒரு பங்காகச் சொல்வோம். 32 சோக் என்றால் அரை அங்குலத் துளை. கிணறு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை இந்தத் துளைதான் முடிவு செய்கிறது. துளையைத் தாண்டி நிலையத்துப் பக்கம் உள்ள அழுத்தம் கிணற்றுப் பக்கம் உள்ளதில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே இருந்தால், நிலையத்தில் நடக்கும் ஏற்ற இறக்கம் எதுவும் கிணற்றுக்குத் தெரியாது. இந்தப் பக்கம் நாங்கள் என்ன தடுமாறினாலும் அந்தப் பக்கம் கிணறு தன் போக்கில் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் இதே துளைதான் எங்களுக்குத் தலைவலியும். எண்ணெயும் தண்ணீரும் அந்தச் சந்துக்குள் பாய்ந்து வரும்போது ஒன்றுக்குள் ஒன்று பொடிப்பொடியாக அடிபட்டுக் கலந்துவிடும். குப்பியின் நடுவில் நின்றதே பழுப்புப் பட்டை, அதில் பெரும்பகுதி இங்கே உண்டாவதுதான்.

பல கிணறுகளின் குழாய்கள் வந்து சேரும் இடம் மேனிஃபோல்ட். அதைத் தாண்டினால் செப்பரேட்டர். நிலையத்தின் இதயம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். டேங்கர் லாரியின் உடம்பைக் கழற்றிக் கான்கிரீட் மேடையில் படுக்க வைத்தது போல இருக்கும் ஒரு தடித்த இரும்பு உருளை. உள்ளே சுழலும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. வேகமாக வரும் கலவை முதலில் ஒரு தகட்டில் மோதி வேகம் இழக்கும். வாயு மேலே ஏறும். வெளியேறும் வாயில் கம்பிவலை மெத்தை ஒன்று இருக்கும். வாயுவோடு ஓடப் பார்க்கும் எண்ணெய்த் துளிகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கனமான தண்ணீர் அடியில் தங்கும். எண்ணெய் தண்ணீருக்கு மேல் மிதந்து, ஒரு தடுப்புச் சுவரைத் தாண்டி அடுத்த அறைக்குள் வழியும். நம் ஊர் மடையில் பலகை போட்டு மேல்தண்ணீரை மட்டும் வழிய விடுவோமே, அதே மாதிரிதான்.

இதற்கெல்லாம் தேவை நேரம். அந்த உருளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது எத்தனை நிமிடம் வேண்டும் என்பதிலிருந்துதான் வருகிறது. ஒரு நாளைக்கு 30,000 பீப்பாய் திரவம் வருகிறது, அது 5 நிமிடம் உள்ளே அமைதியாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 104 பீப்பாய் திரவம் தங்க இடம் வேண்டும். சுமார் 16,500 லிட்டர். இரண்டு தண்ணீர் லாரி அளவு. லேசான எண்ணெய் என்றால் மூன்று நிமிடமே போதும். கனத்த எண்ணெய்க்குப் பத்தும் பற்றாது. தண்ணீர்த் துளி எண்ணெய்க்குள் எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்பதற்கு 1851இலேயே ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி சூத்திரம் கொடுத்துவிட்டார். துளியின் விட்டம் பாதியானால் இறங்கும் வேகம் கால்வாசி ஆகிவிடும். சோக்கில் துளிகள் நொறுங்குவதை நான் தலைவலி என்றதற்குக் காரணம் இதுதான். பத்தில் ஒரு பங்காக நொறுங்கிய துளிக்கு நூறு மடங்கு நேரம் தேவை. அவ்வளவு பெரிய பாத்திரத்தை யாராலும் கட்ட முடியாது.

அழுத்தத்தையும் ஒரேயடியாக இறக்குவதில்லை. கோலி சோடாவைப் படக்கென்று உடைத்தால் வாயுவோடு பாதிச் சோடாவும் சட்டைமேல் வந்துவிடும் அல்லவா? எண்ணெயும் அப்படித்தான். ஒரே அடியில் அழுத்தத்தை விட்டால், எண்ணெயாகவே தங்கியிருக்க வேண்டிய லேசான பகுதிகள் வாயுவோடு ஓடிவிடும். அதனால் முதலில் உயர் அழுத்தச் செப்பரேட்டர், பிறகு தாழ் அழுத்தம், கடைசியில் தொட்டி என்று படிப்படியாக இறக்குவோம். ஒவ்வொரு படியிலும் எண்ணெய் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளும்.

சரி, அந்தப் பழுப்புப் பட்டைக்கு வருகிறேன்.

இதை என் அம்மாவுக்குப் புரிய வைத்த விதத்திலேயே சொல்கிறேன். வெண்ணெய் என்பது என்ன? கொழுப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்த் துளிகள். நூற்றுக்குப் பதினாறு பங்கு வரை தண்ணீர் இருக்கும், ஆனால் பிழிந்தாலும் சொட்டாது. எங்கள் பழுப்புப் பட்டையும் அதே சாதி. எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி எண்ணெயிலேயே உள்ள தார் போன்ற பொருள் ஒரு தோலாகப் படிந்திருக்கும். இரண்டு துளிகள் தொட்டுக்கொண்டாலும் தோல் கிழியாது, ஒன்று சேராது. அம்மா வெண்ணெயை என்ன செய்வார்? அடுப்பில் வைப்பார். நாங்களும் அதைத்தான் செய்கிறோம். சூடேறினால் எண்ணெய் இளகும், துளி இறங்குவது சுலபமாகும். அம்மா நெய் உருக்கும்போது வாணலியைப் பார்க்கவே மாட்டார். கூடத்தில் பூ தொடுத்துக்கொண்டிருப்பார். சடசடவென்ற சத்தம் அடங்கியதும் எழுந்து போய் முருங்கை இலையைப் போட்டு இறக்கிவிடுவார். தண்ணீர் போய்விட்டது என்பதை அவருக்குக் காது சொல்லிவிடும். நாங்கள் தண்ணீரை ஆவியாக்குவதில்லை, அடியில் தங்க வைத்துப் பிரிக்கிறோம். அந்த ஒரு வித்தியாசம்தான்.

வெப்பத்தோடு டீமல்சிஃபையர் என்ற மருந்தும் உண்டு. பத்து லட்சம் பங்கு எண்ணெய்க்கு பத்து, இருபது பங்குதான் விடுவோம். துளியின் தோலைக் கிழிப்பது அதன் வேலை. செப்பரேட்டருக்கு வெகு முன்னால், மேனிஃபோல்டிலேயே விட்டால்தான் கலக்க அவகாசம் இருக்கும். அளவைக் கூட்டினால் நன்றாகப் பிரியும் என்று நினைத்துக் கூட்டுவது புது ஆட்கள் எல்லோரும் செய்யும் தவறு. அளவு மிஞ்சினால் அதே மருந்து கலவையைக் கெட்டிப்படுத்திவிடும்.

பிரிந்ததா இல்லையா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை செய்தாக வேண்டும். கீழே ஊசி போலக் குறுகும் 100 மில்லி கண்ணாடிக் குழாய்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் பாதி எண்ணெய், பாதி கரைப்பான். 60 டிகிரி வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, சுழலும் எந்திரத்தில் மாட்டிப் பத்து நிமிடம் சுற்ற விட வேண்டும். எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் குறுகிய நுனியில் தண்ணீர் முத்தாக நிற்கும். சில நேரம் அதற்கும் அடியில் ஒரு நூல் அளவு மணல். இரண்டு குழாயின் அளவையும் கூட்டினால் அதுவே சதவீதம். அரை சதவீதத்துக்கு மேல் போனால் வாங்குகிறவர் எடுக்க மாட்டார். அந்த நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கும் நேரத்தில் அறையில் யாரும் பேச மாட்டோம். ஒரு ஷிப்டு முழுக்கச் செய்த வேலைக்கான மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

உப்புக்கும் கணக்கு உண்டு. ஆயிரம் பீப்பாய்க்குப் பத்து பவுண்டு என்பது வழக்கமான எல்லை. அதற்காக நல்ல தண்ணீரை வேண்டுமென்றே எண்ணெயில் கலந்து, உப்பைக் கழுவி, உயர் மின்னழுத்தத் தகடுகளுக்கு நடுவே விட்டுத் துளிகளை ஒட்ட வைத்து மறுபடி பிரிப்போம். இந்த உப்பை விட்டுவைத்தால் சுத்திகரிப்பு ஆலையில் சூடேறும்போது அமிலமாகி அங்கே எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் கோபுரத்தை அரிக்கும். வாயுவின் பாதை தனிக்கதை. அழுத்தி, கிளைகால் என்ற ஈரம் உறிஞ்சும் திரவத்தில் குளிப்பாட்டி ஈரத்தை எடுத்து, குழாயில் அனுப்புவோம். அனுப்ப முடியாத அவசரத்துக்குத்தான் அந்த உயரக் குழாயின் தீ. ஃபிளேர். அதில் ஒரு சின்னச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். எரியாமல் வெளியேறும் எச்டூஎஸ் காற்றை விடக் கனமானது, தரையோடு தவழ்ந்து வரும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தொட்டால் சில நிமிடங்களில் மூக்கு செத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, ஆபத்து நீங்கியது என்று நினைத்தவர்கள் வீடு திரும்பியதில்லை. இடுப்பில் மாட்டும் மீட்டர் 10இல் கத்தும். அது கத்தினால் காற்றுக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டும். யோசிக்கக் கூடாது.

இனி நான் உட்காரும் இடம், பேனல்.

செப்பரேட்டருக்குள் நடப்பதை யாராலும் நேரில் பார்க்க முடியாது. எண்ணெய் மட்டம், எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் மட்டம், அழுத்தம், வெப்பம் எல்லாமே கருவி வழியாகத்தான் தெரியும். கருவியிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு வருவது ஒரு சின்ன மின்னோட்டம். 4 மில்லிஆம்ப் என்றால் பாத்திரம் காலி, 20 என்றால் நிரம்பியது. ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? கம்பி அறுந்தால் பூஜ்யம் வரும். காலியாக இருப்பதற்கும் அறுந்து போனதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமே. இதை முதலில் யோசித்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

தண்ணீர் மட்டம் ஏறினால் தண்ணீர் வால்வு கொஞ்சம் திறக்கும், இறங்கினால் மூடும். அதைத் தாண்டிப் போனால் அலாரம். அலாரத்தையும் தாண்டினால் ட்ரிப்: நிலையம் தானாகவே மூடிக்கொள்ளும். அலாரத்துக்கும் ட்ரிப்புக்கும் நடுவில் சில நிமிடங்கள் விட்டு வைத்திருப்பார்கள். செப்பரேட்டர் எண்ணெய்க்குக் கொடுக்கும் நேரத்தைப் போலவே இது மனிதனுக்குக் கொடுக்கும் நேரம். எங்கள் தொழிலில் கட்டியிருப்பது எல்லாமே இந்த இரண்டுக்கும்தான் என்று எனக்குத் தோன்றும்.

கருவியே பொய் சொன்னால் அந்த நேரம் யாருக்கும் கிடைக்காது. எனக்கு அது ஒரு ராத்திரியில் நடந்தது.

பேனலுக்கு வந்து மூன்றாவது வருடம். வெளியே குளிர்காலப் பாலைவனம், உள்ளே ஏசி இரைச்சல். தண்ணீர் அதிகம் வரும் செப்பரேட்டரில் எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் இடைமட்டம் 48 சதவீதம் காட்டியது. நல்ல மட்டம். எண்ணெய் வால்வு மட்டும் மாலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. இரவுக் குளிரில் குழாயில் எண்ணெய் கெட்டிப்பட்டு வரத்து குறைந்திருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நள்ளிரவு தாண்டி டீயோடு உள்ளே வந்த பாய் திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"தம்பி, இந்தக் கோடு எவ்வளவு நேரமா இப்படி இருக்கு?"

"நல்லாத்தானே பாய் இருக்கு? 48."

"அதான் கேக்குறேன். பக்கத்துல எல்லாம் ஆடுது. இது ஏன் ஆடல?"

அப்போதுதான் பார்த்தேன். கிணற்றுக் குழாய்களிலிருந்து திரவம் ஒரே சீராக வராது. ஒரு கட்டி தண்ணீர், ஒரு கட்டி வாயு என்று விட்டு விட்டு வரும். எல்லாக் கோடுகளும் மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். இந்த ஒன்று மட்டும் ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல இருந்தது.

பாய் முகமூடியும் காற்றுச் சிலிண்டரும் மாட்டிக்கொண்டு, துணைக்கு ஒருவரோடு வெளியே போனார். உள்ளே இருக்கும் மட்டத்தை நேரில் காட்டும் கண்ணாடியான லெவல் கிளாஸில் டார்ச் அடித்துப் பார்த்தார். அதுவும் 48ஐத்தான் காட்டியது. நானாக இருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன். அவர் திரும்பவில்லை. லெவல் கிளாஸும் கருவியும் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒரே நிற்கும் குழாயில் பொருத்தப்பட்டவை. அந்தக் குழாய் அடைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும். பாத்திரத்தின் உடம்பிலேயே வெவ்வேறு உயரங்களில் சின்னக் குழாய்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் கீழே உள்ளதைத் திறந்து ஒரு குப்பியில் பிடித்தார். அந்த உயரத்தில் தண்ணீர்தான் வர வேண்டும்.

வாக்கி டாக்கியில் முகமூடிக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. "தம்பி, எண்ணெய் வருது. தண்ணி வால்வ மேனுவல்ல எடுத்து மூடு. இப்பவே."

மூடினேன். கை நடுங்கியது நன்றாக நினைவிருக்கிறது.

நடந்தது இதுதான். நிற்கும் குழாயின் கீழ் வாயை மணலும் கசடும் அடைத்திருந்தன. அதற்குள் மாட்டிக்கொண்ட திரவம் 48இல் நின்றுவிட்டது. மாலையில் தண்ணீர் அதிகம் கொடுக்கும் கிணறு ஒன்றைப் பராமரிப்புக்காக மூடியிருந்தோம். வரும் தண்ணீர் குறைந்துவிட்டது. ஆனால் மட்டம் 48 என்றே தெரிந்ததால் தண்ணீர் வால்வு பழைய அளவிலேயே திறந்திருந்தது. தண்ணீர் தீர்ந்து எண்ணெய் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது, தண்ணீர்த் தொட்டிக்கு. தடுப்பைத் தாண்டி வழியும் எண்ணெய் குறைந்ததால்தான் எண்ணெய் வால்வு மூடிக்கொண்டே வந்தது. நிலையம் மணிக்கணக்கில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் குளிரைக் காரணம் காட்டியிருந்தேன்.

எண்ணெயும் தீர்ந்திருந்தால் அடுத்து அதே வழியில் போவது அழுத்தமுள்ள வாயு. போய்ச் சேரும் இடம் அழுத்தம் தாங்காத தகரக் கூரைத் தொட்டி. அந்த வாயுவில் எச்டூஎஸ். அதைத் தடுக்க வேண்டிய தாழ்மட்ட ட்ரிப்பும் அதே அடைபட்ட குழாயில்தான் மாட்டியிருந்தது. இது என்னை இன்றும் கோபப்படுத்தும் விஷயம். கட்டுப்படுத்தும் கருவியும் காப்பாற்றும் கருவியும் ஒன்றை ஒன்று சாராமல் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். ஒரு துளை கூடுதலாகப் போட்டு, ஒரு வால்வு கூடுதலாக வைத்திருந்தால் போதும். வடிவமைத்த யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பிறகு அதைத் தனியாகப் பிரித்தார்கள். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொட்டியில் மிதந்த எண்ணெயை வழித்தெடுக்க இரண்டு நாள் ஆனது.

மறுநாள் காலை ஷிப்டு மாற்றும்போது நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. பாய் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். "கிணறு மூடுனதையும் எழுது. அதை உனக்கு யாரும் சொல்லல, அதையும் எழுது." உண்மைதான். பகல் ஷிப்டின் குறிப்பில் அந்தக் கிணறு மூடியது இல்லை. நான் தெரிந்துகொண்டதே விசாரித்தபோதுதான்.

ஒரு ஷிப்டு அடுத்த ஷிப்டுக்குச் சொல்லாமல் விட்டதால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஒன்று உண்டு. பைப்பர் ஆல்ஃபா. ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு வடகிழக்கே வடகடலில் நின்ற மேடை. எண்ணெயோடு வாயுவையும் பிரித்து அனுப்பியது. 1988 ஜூலை 6. வாயுவிலிருந்து பிரியும் லேசான திரவத்தைத் தள்ள இரண்டு பம்புகள். பகலில் 'ஏ' பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றி, திறந்த வாயில் ஒரு மூடித் தகட்டை மாட்டியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை, மறுநாள் பார்க்கலாம் என்று நிறுத்தினார்கள். இரவு ஷிப்டில் 'பி' பம்பு நின்றுபோனது. திரும்பக் கிளம்பவில்லை. 'ஏ' பம்புக்கான இன்னொரு பெர்மிட், அதாவது வேலைக்கான அனுமதிச் சீட்டு, கண்ணில் பட்டது, அந்த வேலை தொடங்கவே இல்லை என்று தெரிந்தது. வால்வைக் கழற்றிய பெர்மிட் கண்ணில் படவில்லை. 'ஏ' பம்பை ஓட்டினார்கள். இறுக்கமில்லாத மூடியின் வழியே வாயு பீறிட்டது. இரவு பத்து மணிக்கு முதல் வெடிப்பு.

பக்கத்து மேடைகளான டார்ட்டனும் க்ளேமோரும் பைப்பருக்கு வரும் குழாய்களோடு இணைந்திருந்தன. பைப்பர் எரிவது தெரிந்தும் அவை உடனே நிறுத்தவில்லை. சுமார் இருபது நிமிடத்தில் டார்ட்டனிலிருந்து வரும் வாயுக் குழாய் வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். 61 பேர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் தங்குமிடத்தில் காத்திருக்காமல் கடலில் குதித்தவர்கள். கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 1990இல் வந்தது, 106 பரிந்துரைகளோடு. இன்று நான் ஒரு பம்பைத் தொடுவதற்கு முன்னால் எந்த பெர்மிட் எங்கே தொங்குகிறது என்று பார்க்கும் பழக்கமே அந்தப் பரிந்துரைகளின் வழியாக எனக்கு வந்ததுதான். அந்த இருபது நிமிடத்தைப் பற்றி நான் நிறைய நினைப்பதுண்டு. ஒரு பொத்தான் தூரம்தான். உற்பத்தியை நிறுத்த மேலிடத்தின் அனுமதி வேண்டுமே என்ற தயக்கத்தில் போன நேரம் அது. எங்கள் நிலையத்தில் எந்த ஆபரேட்டரும், சேர்ந்து ஒரு வாரமே ஆனவர்கூட, யாரையும் கேட்காமல் அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கலாம். அமுக்கியது தேவையில்லை என்று பின்னால் தெரிந்தாலும் அவரைக் கேள்வி கேட்கக் கூடாது. நான் பொறுப்பில் இருக்கும் ஷிப்டில் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

பிரித்தெடுத்த தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. எண்ணெய்க்கு வாங்க ஆள் இருக்கிறது, வாயுவுக்கும் இருக்கிறது. தண்ணீருக்கு யாரும் இல்லை, ஆனால் அளவில் அதுதான் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கை வழித்து, வடிகட்டி, ஆழ்கிணறுகள் வழியே மறுபடி பூமிக்குள் அழுத்துகிறோம். அது கீழே அழுத்தத்தைக் காத்து எண்ணெயைத் தள்ளவும் உதவும். இந்தத் தண்ணீரை ஒழுங்காகப் பிரிக்காவிட்டால் அது எண்ணெயோடு குழாயில் ஏறிப் போகும். குழாய் தாழும் இடங்களில் எண்ணெயை விட்டுப் பிரிந்து அடியில் தேங்கும். உப்பும் கரைந்த வாயுவும் சேர்ந்த தண்ணீர் இரும்பை அங்கேதான் தின்னும். வெட்டி எடுத்த பழைய குழாய்களைப் பார்த்திருக்கிறேன். மேல்பாதி புதுசு போல இருக்கும். அடியில் விரல் நுழையும்.

நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரன். நரிமணத்து எண்ணெய் கிடைத்தது 1980களில். 1993இல் பனங்குடியில் சின்னச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து இரவு பஸ்ஸில் திரும்பும்போது வயலுக்கு நடுவே தெரியும் தீயைக் காட்டி அப்பா ஏதாவது கதை சொல்வார். 2017 ஜூன் 30இல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியபோது நான் பாலைவனத்தில் ஷிப்டில் இருந்தேன். ஊரிலிருந்து படங்கள் வந்துகொண்டே இருந்தன. என் வேலையும் என் ஊரும் ஒரே படத்தில் இருந்தன. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

போன விடுமுறையில் மாமா கேட்டார். அவர் வயலின் வரப்பை ஒட்டி ஒரு குழாய் போகிறது. "நீ இதுலயே இருக்கிறவன். உள்ளதைச் சொல்லு மாப்ளே. பயப்படணுமா?"

பயப்பட வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பயப்படுங்கள் என்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் குழாயைத் தெரியாது. வரப்பில் இரண்டு பேரும் நடந்தோம். மஞ்சள் அடையாளக் கல் ஒன்று பாதி புதைந்து சாய்ந்திருந்தது. மாமா கேட்க வேண்டியவை மூன்று என்றேன். அதில் போகும் எண்ணெயில் தண்ணீர் எத்தனை சதவீதம்? குழாயின் அடிச்சுவரின் தடிமனைக் கடைசியாக எந்த வருடம் அளந்தார்கள்? அழுத்தம் திடீரென்று இறங்கினால் அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது, அது தானாக அடைக்குமா, இல்லை ஆள் வர வேண்டுமா? மாமா செல்போனில் எழுத முயன்று முடியாமல், சட்டைப் பையிலிருந்த உர ரசீதைக் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வரும் கிராமசபைக் கூட்டத்தில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். சாய்ந்திருந்த கல்லை இரண்டு பேருமாக நிமிர்த்தி, சுற்றி மண் அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.